சிவப்பா, நீலமா, சாயாவா

வித்துரா என்கிற ஊருக்கு எனக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று ஆபீஸில் எல்லோரும் துக்கம் விசாரிப்பதுபோல வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். "அய்யோ சேச்சி, எந்தொரு தூரம்!" என்று பக்கத்து மேஜைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே கும்மாளம். பொன்முடி மலைக்குப் போகிற அந்த வழியில் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வர என் முதுகு சம்மதிக்காது. ஆகவே கார் வாங்கித்தான் ஆக வேண்டும். கார் வாங்கினால் நான்தான் ஓட்டியாக வேண்டும். எனக்கு ஒரு கார் வாங்கித் தரச் சொல்லி அரசாங்கமே போட்ட உத்தரவாகத்தான் அதை நான் படித்தேன்.

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாலைக் கம்போளம் என்கிற பெரிய சந்தையில் பருப்பு மொத்த வியாபாரம். வீட்டிலிருந்து கடைக்கு ஸ்கூட்டர், சரக்குக்கு லோடு ஆட்டோ, அதோடு அவருடைய உலகம் முடிந்தது. அவர் ஓட்டமாட்டாரே தவிர, யார் ஓட்டினாலும் கூடவே ஓட்டுவார். ஆட்டோவில் போனால் காலால் தரையை மிதித்து மிதித்துப் பிரேக் போடுவார். திருநெல்வேலிக்கு ராத்திரி பஸ்ஸில் போனால்கூடக் கண்ணைக் கொட்டாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவார். கேட்டால், "டிரைவர் கண் அசந்துட்டான்னா?" என்பார். இப்படிப்பட்ட மனிதரைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு நான் கார் பார்க்கப் போக வேண்டும்.

கல்யாணமான புதிதில் எடுத்த லைசன்ஸை விடாமல் புதுப்பித்து வைத்திருந்தேன். ஓட்டத்தான் வண்டி இல்லாமல் இருந்தது. உத்தரவு வந்த மறுநாளே பழைய பழக்கத்தைத் திரும்பப் பிடிக்க ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். நேர் ரோட்டில் ராணி மாதிரி ஓட்டினேன். ஆனால் இந்த ஊரில் நேர் ரோடு எங்கே இருக்கிறது? எல்லாம் மேடும் பள்ளமும். ஏற்றத்தில் சிக்னல் விழுந்து வண்டி நின்றுவிட்டால் எனக்கு மறுபடி எடுக்கவே வராது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரில் வைப்பதற்குள் வண்டி பின்னால் உருளும். பின்னால் நிற்கிறவன் ஹாரனாலேயே என் பரம்பரையைத் திட்டுவான். ஒருநாள் பின்னால் நின்ற ஒரு பைக்குக்காரர் மேல் ஏற்றப் பார்த்துவிட்டேன். இதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் காரும் இல்லை, ஒன்றும் இல்லை, மாற்றலை ரத்து செய்ய ஆள் பார்க்கக் கிளம்பியிருப்பார். வித்துரா ரோடோ ஏற்றமும் வளைவுமாகவே போகிற ரோடு. ஏற்றத்தில் நான் பயப்படாமல் எடுக்கிற மாதிரி ஒரு வண்டி எனக்கு வேண்டும். அது கிடைக்காவிட்டால் கார் வாசலில் துணி போர்த்தி நிற்கும், நான் பஸ்ஸில் தொங்குவேன்.

அலசி ஆராய்ந்து கடைசியில் இரண்டு சின்னக் கார்களில் வந்து நின்றது. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நீள அகலமும் கிட்டத்தட்ட ஒன்றே. எங்கள் சந்துக்குள் இரண்டும் நுழையும். எது மேல் என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்து, உட்கார்ந்து, ஓட்டிவிட்டு முடிவு செய்வது என்று ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தோம்.

இந்த இடத்தில், மலையாள ஊரில் கடை வைத்திருக்கும் எங்கள் தமிழ் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நான் ஆரியசாலையில் பெருங்காய வியாபாரம் செய்தவரின் மகள். சரக்கு எடுக்கப் போகும்போது அப்பா கடைப்பிடித்த இரண்டு சட்டங்கள் எனக்குப் பாலோடு புகட்டப்பட்டவை. வேண்டும் என்று நினைக்கிற சரக்கை வாயால் புகழக் கூடாது. முகத்தைச் சுளித்து, ஒரு குறையாவது சொல்ல வேண்டும். இரண்டாவது, அந்தக் கடையில் பேரம் முடிகிறவரை சாயா, காப்பி, பச்சைத் தண்ணீர் எதையும் தொடக் கூடாது. உபசாரத்தை வாங்கிக்கொண்டால் அப்புறம் விலையைக் குறைத்துக் கேட்க நாக்கு வராதாம். எடுக்கப் போவதில்லை என்று தெரிந்த கடையில் மட்டும் வயிறு முட்டக் குடித்துவிட்டு, இரண்டு வார்த்தை புகழ்ந்தும் வரலாம். நான் ஆபீஸ் வேலைக்குப் போனாலும், புடவை எடுத்தாலும் புளி வாங்கினாலும் அப்பா சட்டம்தான். என் கணவர் கடையில் சரக்கு எடுப்பதை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அவர் பேரம் பேசும் நேரத்தில் நான் ஆபீஸில் ஃபைல் தள்ளிக்கொண்டிருப்பேன்.

ஞாயிறு காலை பால் திரிந்துவிட்டது. கடைக்குப் போய் வேறு பால் வாங்கிவர எனக்குப் பொறுமை இல்லை. "ரெண்டு பேரும் வெறும் வயித்தோடயா போறது?" என்று அவர் முனகினார். "கார் என்ன ஓடியா போயிரும்?" "ஓடிரும், கிளம்புங்க" என்று ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டேன்.

முதலில் சிவப்பு. பட்டத்துப் பக்கம் ஷோரூம். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஒரு சின்னப் பெண் ஓடி வந்து, "சேச்சி, சாய எடுக்கட்டே?" என்றாள். காலையில் சாயா இல்லாமல் எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. இருந்தாலும் அந்தச் சிவப்பு அங்கே விளக்கு வெளிச்சத்தில் நின்ற நிற்பைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துபோயிற்று, இங்கே குடிக்கக் கூடாது என்று. "வேண்டா மோளே" என்றேன். என் கணவரைக் கேட்டாள். "இப்பதான் குடிச்சோம்" என்றார் அவர். அந்தப் பதிலைக் காதில் வாங்குகிற நிலையில் நான் இல்லை. சட்டப்படி குறை தேடிக்கொண்டிருந்தேன்.

"இந்தச் சிவப்பு கண்ணைக் குத்துது" என்றேன். "டேஷ்போர்டு பழைய மாடல் மாதிரி இருக்கு" என்றேன். அவர் டிக்கியைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு சாக்குப் பருப்பு படுக்கப் போட முடியாது போலிருக்கே" என்றார். எனக்கு முதல் அடி விழுந்தது. பருப்பு வியாபாரி சொல்கிற குறை, நிஜக் குறையாகத்தான் இருக்கும்.

டெஸ்ட் டிரைவுக்கு அந்தப் பெண் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவர் பின்னால். நான் குள்ளம். எந்தக் காரில் உட்கார்ந்தாலும் கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். அவள் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடியை மேலும் கீழும் அசைக்கச் சொன்னாள். சீட் என்னைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. பேனட்டின் நுனி தெரிந்தது! ரோடு முழுக்க எனக்கே எழுதிக் கொடுத்ததுபோலத் தெரிந்தது. பேரூர்க்கடைப் பக்கம் ஓட்டச் சொன்னாள். ஒரு ஏற்றத்தின் நடுவில், வேண்டுமென்றேதான், வண்டியை நிறுத்தச் சொன்னாள். பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. நான் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பேடிக்கண்டா சேச்சி, பிரேக் விட்டோ" என்றாள். பயப்படாமல் காலை எடு என்கிறாள். குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு எடுத்தேன். வண்டி உருளவில்லை. ஒரு அங்குலம்கூட இல்லை. யாரோ பின்னால் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டதுபோல அப்படியே நின்றது. ஏற்றத்தில் தானே பிடித்துக்கொள்ளும் வசதி அந்த வண்டியில் இருந்தது. அதே விலைக்கு நீலத்தில் கிடையாது. மெல்ல ஆக்சிலரேட்டரை மிதித்தேன். ஏறியது. ஏறிக்கொண்டே போனது. எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். எனக்கு இது வேண்டும், எனக்கு இதுதான் வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அந்தச் சந்தோஷத்தில் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் விடிய விடியக் கண் மூடாதவர்! பெண்டாட்டி ஓட்டுகிற வண்டியில் ரோட்டைப் பார்க்கவே பயந்து கண்ணை மூடிவிட்டார். எனக்கு வந்த சிரிப்பெல்லாம் வந்த வழியே போய்விட்டது. ஷோரூமுக்குத் திரும்பி இறங்கும்போது, "வண்டி பரவால்ல" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்து நீலம், கரமனை தாண்டி. அங்கே ஒரு பையன் டை கட்டிக்கொண்டு மிக மரியாதையாக வரவேற்றான். சாயா வந்தது, கூடவே பிஸ்கட் வந்தது. இரண்டு பேரும் குடித்தோம். என் தலைவலி விட்டது. காருக்குள் பெரிய திரை ஒன்று இருந்தது. பாட்டு, படம், வழி, வண்டியின் பின்பக்கம் எல்லாம் அதில் தெரிந்தது. டிக்கி பெரிசு. "இது கொள்ளாம், எத்தன பெரிய திரை!" என்று நான் தாராளமாகப் புகழ்ந்தேன். எடுக்கப் போவதில்லை என்கிற தெம்பில் வந்த புகழ்ச்சி அது. பைபாஸில் நேராக ஓட்டிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குள் ஒன்றும் நடக்கவும் இல்லை. பின்சீட்டிலிருந்து அவர், "லாரி வருது பாத்துக்கோ, சைக்கிள்காரன் வாரான்" என்று கண்கொட்டாமல் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆக, இந்த வண்டியில் அவர் கண் திறந்திருக்கிறது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அந்த வாரம் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. நான் சிவப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பேரம் முடியாத சரக்கைப் பற்றி வீட்டில்கூடப் பேசக் கூடாது என்பதும் அப்பா சட்டத்தில் ஒரு கிளை. ராத்திரி படுத்தால் ஏற்றத்தில் நின்ற வண்டிதான் கண்ணுக்குள் நின்றது. ஆனால் இந்த மனிதர் பயந்து நடுங்குகிற வண்டியை எப்படி வாங்குவது? நான் தினம் கிளம்பிப் போகும்போது இங்கே கடையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாரே. அவர் நிம்மதியாக இருந்தால் நானும் நிம்மதியாக ஓட்டலாம், ஏற்றத்தை எப்படியாவது பழகிக்கொள்ளலாம் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். சமாதானம் ஆகவில்லை. சாம்பாருக்கு உப்புப் போட மறந்தேன்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது, "அப்போ நீலத்தையே எடுத்துருவோமா?" என்றேன்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு அதுதான பிடிச்சிருக்கு. எடுத்துருவோம்" என்றார்.

குரலில் ஒரு சந்தோஷமும் இல்லை. உப்பில்லாத சாம்பார்தான் காரணம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அட்வான்ஸ் கட்ட நீல ஷோரூமுக்குப் போனோம். டை கட்டிய பையன் எழுந்து நின்று நாற்காலி இழுத்துப் போட்டான். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு, நிறத்தை உறுதி செய்யச் சொன்னான். அதற்குள் சாயா வந்துவிட்டது. நான் எடுத்து ஒரு மடக்குக் குடித்தேன். நல்ல சாயா, ஏலக்காய் தட்டிப் போட்டது. இரண்டாவது மடக்கில்தான் உறைத்தது: நான் எதற்குக் குடித்துக்கொண்டிருக்கிறேன்? இன்னும் விலை பேசி முடியவில்லை. ஆரியசாலைக்காரர் மகள், வாங்க வந்த கடையில் உட்கார்ந்து சாயா குடிக்கிறேன். அதாவது, எனக்கு இது வேண்டாம்.

திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கோப்பையைக் காலி செய்துவிட்டு, "இன்னொன்னு கிடைக்குமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குச் சட்டென்று ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. பால் திரிந்துபோன காலை. இரண்டு பேரும் வெறும் வயிறு. சிவப்பு ஷோரூமில் அந்தப் பெண் கேட்டதும், "இப்பதான் குடிச்சோம்" என்றாரே! எங்கே குடித்தோம்?

"ஏங்க," என்றேன் மெதுவாக, "அன்னிக்கு அந்தப் பிள்ளைகிட்ட சாயா வேண்டாம்னு எதுக்குப் பொய் சொன்னீங்க?"

அவர் இரண்டாவது கோப்பையைக் கையில் வாங்கியபடியே திகைத்தார். பிறகு என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். "நீயும்தான் அங்க வேண்டாம்னுட்ட. இங்க மட்டும் குடிக்கியே."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"எடுக்கணும்னு நினைக்கிற சரக்கு முன்னால வச்சு எவனாவது சாயா குடிப்பானா?" என்றார், பாலபாடம் சொல்வதுபோல.

டை கட்டிய பையன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தமிழ் அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. நான் அவனை மறந்தே போனேன்.

"அப்போ சிவப்பு பிடிச்சிருந்துதா? சாக்கு கொள்ளாதுன்னீங்க!"

"குறை சொல்லாம வெலை எப்படிக் கேக்கது? சாக்கு தூக்க லோடு ஆட்டோ இருக்கு பிள்ள. நீதான் கலர் கண்ணைக் குத்துதுன்ன. இந்த டிவியப் பாத்து வாயப் பொளந்த."

"நானும் ஏவாரி மகதான்! என் சட்டம் உங்களுக்குத் தெரியாதா?"

"நீ ஆபீஸ்காரியாச்சே, மனசுல உள்ளதத்தான் சொல்லுவன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஆனால் ஒன்று மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன். "பின்ன எதுக்கு அந்த வண்டில பயந்து கண்ண மூடிக்கிட்டீங்க? கண்ணாடில பாத்தேன்."

அவர் சாயாவைக் கீழே வைத்தார். கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல இருந்தது.

"பயமா? உறங்கிட்டேன் பிள்ள. அந்த ஏத்தத்துல பஸ் பின்னால நிக்கும்போது ஒரு நிமிஷம் உயிரு போயிட்டு. நீ வண்டிய அனக்காம, குலுக்காம அப்படியே ஏத்திட்ட. சரி, இவ பாத்துக்கிடுவான்னு தோணிச்சு. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் பிள்ள கதவத் தொறக்கப்போதான் முழிச்சேன்."

திருநெல்வேலி பஸ்ஸில் டிரைவருக்குக் காவல் இருக்கிற மனிதர், நான் ஓட்டிய வண்டியில் உறங்கியிருக்கிறார். வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கார்க்கடையில் உட்கார்ந்து அழுகிற பெண்மணியை அந்தப் பையன் பார்த்திருக்க மாட்டான். பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். "ஒன்றுமில்லை, மன்னிச்சுக்கோ மோனே, சாய நல்லதாயிருந்நு" என்று மலையாளமும் தமிழும் கலந்து உளறிவிட்டு எழுந்தேன். பாவம், அவன் வாசல்வரை வந்து சிரித்த முகத்தோடு வழியனுப்பினான்.

கரமனையிலிருந்து பட்டம்வரை ஸ்கூட்டரில் நான் பேசிய பேச்சுக்கு அளவில்லை. ஒரு வாரம் அடக்கி வைத்த புகழ்ச்சி முழுவதையும் அவர் காதருகில் கொட்டினேன். பேனட் தெரிந்தது, சீட் ஏறியது, வண்டி உருளாமல் நின்றது, இதற்கு முன்னால் டிரைவிங் ஸ்கூல் வண்டி உருண்டது, பைக்குக்காரர் தப்பித்தது என்று எல்லாமே வெளியே வந்துவிட்டன. "பைக்குக்காரரா?" என்று ஸ்கூட்டரை ஓரம் கட்டப் பார்த்தார். "அதுக்கெல்லாம் நேரமில்ல, விடுங்க வண்டிய" என்று முதுகில் ஒரு குத்து வைத்தேன்.

சிவப்பு ஷோரூமில் அதே பெண் ஓடி வந்தாள். அதே கேள்வி: "சாய எடுக்கட்டே?"

நான் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் என் கணவர், "ரெண்டு சாய மோளே. நல்ல கடுப்பத்தில்" என்று ஸ்ட்ராங்காகப் போடச் சொன்னார். விலை பேசவில்லை, ஒரு குறை சொல்லவில்லை. போய் அந்தச் சிவப்பின் கதவைத் தடவிக்கொண்டு, "கொள்ளாம் வண்டி, இல்லியா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி என்னைப் பார்த்துச் சொன்னார். இத்தனை வருஷம் சாலைக் கம்போளத்தில் கடை நடத்தியவர், என் ஒருத்திக்காகத் தன் தொழில் தர்மத்தையே கைவிட்டுவிட்டு ஷோரூம் நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சாயா வந்தது. அவர் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ரசித்துக் குடித்தார். நான் என் கோப்பையைத் தொடவில்லை. வீட்டில் ஒருவராவது வியாபாரியாக இருக்க வேண்டாமா? முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்து, "டிக்கி ரொம்பச் சின்னது மோளே, ஒரு சாக்குகூடக் கொள்ளாது" என்று தொடங்கினேன். அவள் பாவம், சிரித்தபடியே மேனேஜர் அறைக்கும் மேஜைக்கும் நடந்தாள். விலையிலும் கொஞ்சம் இறக்கி, சீட் கவரும் கால்மிதியும் சும்மா வாங்கி, கைகொடுத்து முடித்த பிறகுதான் கோப்பையை எடுத்தேன். ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. ஒரே மூச்சில் குடித்தேன்.

வண்டி வந்த பிறகு முதல் நாள் வித்துராவுக்கு அவரும் வந்தார். "திரும்பி பஸ்ஸுல வந்துக்கிடுதேன், கடைய மதியம் தொறந்தாப் போதும்" என்றார். நெடுமங்காடுவரை, "லாரி வருது, வளைவு வருது" என்று அவர் வாய் ஓயவில்லை. அதற்குப் பிறகு ஏற்றம் தொடங்கியது. ஓரிடத்தில் எதிரே மரத்தடி ஏற்றிய லாரி ஒன்று ஒதுங்கத் திணறிக்கொண்டிருந்தது. ஏற்றத்தின் நடுவில் நிறுத்தினேன். லாரி போனதும் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி நின்றது. ஆக்சிலரேட்டரை மிதித்தேன், ஏறினேன். ரப்பர் தோட்டத்துக்குள் வெயில் விழ ஆரம்பித்திருந்தது. பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லையே என்று திரும்பிப் பார்த்தால், தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு உறங்கிக்கொண்டிருந்தார்.

வாங்கி முடித்த சரக்கைப் புகழத் தடை ஏதும் இல்லை. ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்து, "என் ராசாத்தி" என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம் அவர் எழுந்துவிடாதபடி வளைவுகளில் மெதுவாகத் திருப்பினேன். வித்துரா கடைத்தெருவில் ஓரமாக நிறுத்தியதும் திடுக்கிட்டு விழித்து, காலால் தரையை ஒரு மிதி மிதித்தார்.

"வந்தாச்சா?"

"வந்தாச்சு. இறங்குங்க, ஒரு சாயா குடிப்போம்."